முறையின்றி வைத்த பேனரை அகற்றவைப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்தில் புதிதாக முனைபவர்களுக்கு

வேலூரில் பேனர் பற்றி ஒருமுறை மனு கொடுத்துவிட்டு, "கொடுத்தாச்சு, ஒண்ணும் நடக்கல" என்று ஒதுங்கிப் போனவர்கள் ஏராளம். அவர்கள் சொன்ன குறை சரியாகவே இருந்திருக்கும். மனு போய்ச் சேர்ந்த அலுவலகம்தான் பெரும்பாலும் தவறாக இருந்திருக்கும். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் நிற்கும் பலகைக்கு மாநகராட்சியில் மனு கொடுத்தால் "அது ஹைவேஸ் இடம்" என்பார்கள். கிராமத்துச் சாலையோரப் புளியமரத்தில் அடித்த தகரத்துக்காக ஊராட்சி அலுவலகம் போனால் "மரம் நெடுஞ்சாலைத் துறையோடது" என்று பதில் வரும். இப்படி ரெண்டு இடம் அலைந்தால் யாருக்கும் சலித்துவிடும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: அந்தப் பலகை நிற்பது யாருடைய இடம்? இதற்கு விடை தெரிந்துகொண்டு மனு எழுதுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான்கு இடங்களைச் சொல்கிறேன். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், விழாவுக்காக நட்டிருந்த அலங்கார வளைவு அருகே நடந்த விபத்தில் ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மென்பொருள் பொறியாளர் மீது கல்யாண பேனர் ஒன்று சரிந்து விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் ராட்சத விளம்பரப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சாரத்தோடு சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புயல்காற்றில் ஒரு பலகை பெட்ரோல் பங்கு மீது சாய்ந்ததில் 17 பேர் போனார்கள். கடைசி இரண்டிலும் காற்றுதான் காரணம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, மாலையில் புழுதியைச் சுருட்டிக்கொண்டு வரும் கோடைக் காற்று எப்படி அடிக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சவுக்குக் கட்டையில் கட்டுக்கம்பி சுற்றி நிறுத்திய இருபதடி பிளெக்ஸ் அந்தக் காற்றுக்குத் தாங்காது.

எது எந்த வகை

கண்ணில் படும் எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் விதி வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு.

கட்டட மாடியிலோ தனியார் மனையிலோ இரும்புச் சட்டம் போட்டு நிரந்தரமாக நிற்பவை ஹோர்டிங். இவை பெரும்பாலும் விளம்பர நிறுவனங்களுடையவை, வாடகை வியாபாரம். "என் சொந்த பட்டா இடம், யார் கேட்கிறது?" என்று மனைக்காரர் சொல்லலாம். பட்டா நிலமாக இருந்தாலும் சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி விளம்பரப் பலகை வைக்க உள்ளாட்சி உரிமம் வேண்டும். கருமத்தம்பட்டி விபத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் பலகை வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ 25,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும் என்று தமிழக அரசு எச்சரித்தது. விபத்து நடந்தால் நிறுவனத்தோடு இடத்தின் உரிமையாளரும் பொறுப்பு என்றும் சொன்னது. இந்த ஒரு செய்தியை மாடி வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாலே சில பலகைகள் இறங்கிவிடும். வாடகைப் பணம் வாங்குகிற பலருக்கு இந்தப் பொறுப்பு தங்கள் தலையிலும் இருக்கிறது என்பது தெரியாது.

அடுத்தது விசேஷ பேனர்கள். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், புதுப்பட ரிலீஸ். இவை நான்கைந்து நாள் நிற்பவை, ஆனால் நிற்கும் இடம் மோசம்: சாலை முனை, சென்டர் மீடியன், பஸ் ஸ்டாப்பின் முகப்பு. ஆபத்து அதிகம் இவற்றில்தான்.

மூன்றாவது, மரத்திலும் மின்கம்பத்திலும் அடித்த சின்னத் தகரங்கள், பலகைகள், ஒட்டிகள். மூலம் பவுத்திரம் சிகிச்சை, டியூஷன், டிரைவிங் ஸ்கூல், உடனடிக் கடன், வீட்டு மனை விற்பனை. காட்பாடியில் கல்லூரி மாணவர்களைக் குறிவைக்கும் ஹாஸ்டல் விளம்பரம், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வங்காள எழுத்திலும் இந்தியிலும் லாட்ஜ் விளம்பரம். தனித்தனியாகப் பார்த்தால் சின்னவை. ஒரே தெருவில் நாற்பது மரத்திலும் ஆணி இறங்கியிருந்தால் அது சின்ன விஷயமில்லை.

நான்காவதாக, கடைக்காரர்கள் நடைபாதையில் நிறுத்தும் ஸ்டாண்ட் போர்டுகள். இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். செருப்புத் தைப்பவர், டீக்கடைக்காரர், பூ விற்கும் அம்மா வைத்திருக்கும் அட்டையிலிருந்து உங்கள் வேலையைத் தொடங்காதீர்கள். அவர்களிடம் "அண்ணே, கொஞ்சம் உள்ளே தள்ளி வைங்க, கண்ணு தெரியாதவங்க நடக்கிற வழி" என்று சொன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். மனுவும் சட்டமும் பெரிய பேனருக்கும் உரிமமில்லாத ஹோர்டிங்குக்கும்தான். எளியவர்களின் போர்டைப் பிடுங்க வைத்துவிட்டு, கட்சிக்காரர் கட்டவுட்டைப் பார்க்காமல் போகும் குழுவை ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். அப்படி மதிக்காததும் நியாயமே.

பேனரின் அடிப்பகுதியைப் படியுங்கள்

முறைப்படி அனுமதி வாங்கிய தற்காலிக பேனரில் அனுமதி எண், எந்த நாள் வரை அனுமதி, அச்சிட்ட கடையின் பெயர் ஆகியவை கீழே அச்சாகியிருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அனுமதி இல்லை என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. வரி இருந்தால் தேதியைப் பாருங்கள். விழா முடிந்து ஒரு வாரம் கழித்தும் நின்றால் அனுமதி இருந்தும் அது முறைகேடுதான். எண் மட்டும் போட்டுவிட்டு உண்மையில் அனுமதி வாங்காத பேனர்களும் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மனுவில் எழுதிச் சரிபார்க்கக் கேளுங்கள்.

அனுமதி இருந்தாலும் வைக்கக்கூடாத இடங்கள் உண்டு. கல்வி நிலையங்கள், வழிபாட்டுத் தலங்கள், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன்பும், சாலை முனைகளிலும், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் முன்பும் கூடாது என்பது தமிழகத்தில் நெடுநாளாக இருக்கும் விதி. வேலூர் நகரின் நடுப்பகுதியை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் சி.எம்.சி., இடையில் பள்ளிகள், கோயில்கள், மசூதிகள், தேவாலயங்கள், சந்திப்புகள். பேனர் வைக்கத் தகுந்த இடம் என்று பார்த்தால் அங்கே அதிகம் மிஞ்சாது.

யாருடைய இடம்?

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் மாவட்டம். பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டத்தையும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரித்தார்கள். ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் ஆட்கள் ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை ஆட்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழக்கத்தில் சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் கலெக்டர் அலுவலகத்துக்கே மனு அனுப்புகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மனு ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பேனர் கிழிந்தே போயிருக்கும்.

அடுத்து உள்ளாட்சி. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள். விருதம்பட்டு, காந்தி நகர், காட்பாடி என்று பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் மாநகராட்சிக்குள்தான் வருகிறார்கள். உங்கள் மண்டல அலுவலகத்து உதவி ஆணையரிடம் ஒரு நகலும், ஆணையருக்கு ஒரு நகலும் கொடுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகள். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் பேரூராட்சிகள். அங்கே செயல் அலுவலர். மற்ற கிராமங்களில் ஊராட்சித் தலைவரும் ஊராட்சிச் செயலரும், அவர்களுக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலரும்.

ஆனால் உள்ளாட்சி எல்லைக்குள் இருக்கும் எல்லாச் சாலையும் உள்ளாட்சியுடையதல்ல. சாலை யாருடையது என்று அறிய எளிய வழி மைல்கல். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. சென்னை–பெங்களூரு சாலை, அதாவது 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, வேலூரை ஊடறுத்துப் போகிறது. அதன் ஓரத்திலும், மேம்பாலத் தூண்களிலும் இருப்பவற்றுக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணில் சொல்லலாம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியிலும் எழுதிக் கொடுக்கலாம். எல்லாத் தேசிய நெடுஞ்சாலையும் ஆணையத்தின் கையில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறைக்குள் இருக்கும் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவே பராமரிக்கிறது. மாநில, மாவட்டச் சாலைகளுக்கு நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். சாலையோர மரங்களும் பெரும்பாலும் அந்தத் துறையின் பொறுப்பில்தான்.

மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மர் வேலியும் ஈ.பி.யுடையவை. கம்பத்தில் கட்டிய பேனர் மின்கம்பியை உரசுகிற மாதிரி இருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் உடனே சொல்லுங்கள். "பேனர்" என்று தொடங்குவதைவிட "கம்பியில் உரசுது" என்று தொடங்கினால் ஆள் சீக்கிரம் வரும். காட்பாடி ஜங்ஷன் சுற்றியும் ரயில்வே பாலத்திலும் இருப்பவை ரயில்வே இடம். கோட்டையும் அகழியும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அகழி ஓரக் கம்பியில் கட்டிய பேனருக்கு மாநகராட்சியோடு சேர்த்து அந்தத் துறையின் உள்ளூர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

புறம்போக்கா பட்டாவா என்று தெரியாத வெற்று மனை என்றால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். புல எண் கிடைத்தால் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

படம் எடுப்பது

பலகை முழுவதும் தெரிய ஒன்று, அடிப்பகுதி எழுத்து படிக்கத் தெரிய ஒன்று, சற்றுத் தள்ளி நின்று பக்கத்துக் கட்டடமோ மைல்கல்லோ மின்கம்ப எண்ணோ தெரிய ஒன்று. மூன்றாவது படம் இல்லாமல் கொடுத்த மனுக்கள் "இடத்தைக் கண்டறிய இயலவில்லை" என்று திரும்பி வரும். மின்கம்பங்களில் பெயின்டில் எழுதியிருக்கும் எண் நல்ல அடையாளம். அதை மனுவில் எழுதுங்கள். சிக்னலை மறைக்கிறது, வளைவில் எதிர்வண்டி தெரியவில்லை என்றால், வண்டி ஓட்டுபவரின் கண் உயரத்தில் நின்று எடுங்கள். நாளும் நேரமும் படத்தில் பதியும்படி போனில் அமைத்துக்கொள்ளலாம். பேனர் கட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர்களின் முகத்தை எடுக்க வேண்டாம். அவர்கள் தினக்கூலிக்கு வந்தவர்கள். பொறுப்பு கட்டச் சொன்னவருடையது.

முதலில் பேசுங்கள்

விசேஷ பேனர்களில் பாதிக்கு மேல் மனு இல்லாமலே தீரக்கூடியவை. கல்யாண வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் வைப்பதில்லை. "பக்கத்து வீட்டுக்காரங்க வச்சாங்க, நாங்க வைக்கலைன்னா சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க" என்பதுதான் விஷயம். அந்த வீட்டுக்குத் தெரிந்த ஒருவரை, முடிந்தால் வயதில் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் போகாதீர்கள், வீடு அமளியில் இருக்கும். விசேஷம் முடிந்த மறுநாள் காலை போனால் "கழற்றிடுறோம் மாமா" என்பார்கள். துக்க வீட்டில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் காரியம் முடியும்வரை பொறுங்கள். சாலை முனையை மறைக்கிறது என்றால் மட்டும், அகற்றச் சொல்லாமல் "பத்தடி உள்ளே நகர்த்தி வைக்கலாமா" என்று கேளுங்கள்.

இன்னொரு நல்ல துணை, பேனர் கடைக்காரர். ஆர்டர் எடுக்கும்போதே "அனுமதி நம்பர் வேணும்ணே, கீழே போடணும், இல்லாட்டி என் கடைக்கும் சிக்கல்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பலர் மண்டபத்து வாசலோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் பகுதியிலுள்ள கடைகளுக்குப் போய்ப் பேசுங்கள். அவர்களுக்கும் பிழைப்பு இது. மண்டபத்துக்குள்ளும் சொந்தக் காம்பவுண்டுக்குள்ளும் வைக்கும் பேனரை யாரும் தடுக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு விழாக் குழுவிடம் முன்கூட்டியே போக வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். அதுபோன்ற கூட்டத்தில் ரோட்டை அடைத்து நிற்கும் ஆர்ச்சுகள் பற்றி சித்திரை பிறந்தவுடனேயே குழுவிடமும் காவல் நிலையத்திடமும் பேசினால்தான் பலன். கூட்டம் கூடிய பிறகு எவராலும் எதையும் நகர்த்த முடியாது.

மனு

பேச்சில் தீரவில்லை, அல்லது பேசக்கூடிய ஆள் இல்லை என்றால் மனு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கீழே உள்ளதைப் போல எழுதினால் போதும்:

பெறுநர்: ஆணையர், வேலூர் மாநகராட்சி, வேலூர்.
நகல்: உதவி ஆணையர், இரண்டாம் மண்டலம், காவல் ஆய்வாளர், சத்துவாச்சாரி காவல் நிலையம்.

பொருள்: சாலை முனையில் அனுமதி எண் இன்றி வைத்துள்ள பேனரை அகற்றவும் நடவடிக்கை எடுக்கவும் வேண்டி.

ஐயா/அம்மையீர்,
எங்கள் தெரு பிரதான சாலையில் சேரும் முனையில், (எண்) மின்கம்பத்துக்கு அருகில், சுமார் 15 அடி உயரமுள்ள பேனர் (நாள்) முதல் நிற்கிறது. அதில் அனுமதி எண்ணோ அனுமதிக் காலமோ அச்சிடப்படவில்லை. தெருவிலிருந்து வெளிவரும் வாகனங்களுக்கு வலப்பக்கம் வரும் வண்டிகள் தெரிவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இவ்வழியே நடக்கிறார்கள். பேனர் சவுக்குக் கட்டையில் கட்டப்பட்டுக் காற்றில் ஆடுகிறது. மூன்று படங்கள் இணைத்துள்ளோம். இதற்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அதன் எண்ணையும் காலத்தையும் தெரிவிக்கவும், இல்லையெனில் உடனே அகற்றி, வைத்தவர் மீது நடவடிக்கை எடுத்து, அதன் விவரத்தை எங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இவ்வளவுதான். வைத்தவரைத் திட்டாதீர்கள், கட்சியின் பெயரையோ சாதியின் பெயரையோ எழுதாதீர்கள். பேனரில் இருப்பவரின் பெயர் படத்தில் தெரியும், அதுவே போதும். தனியாளாகக் கையெழுத்திடுவதைவிடத் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போடுங்கள். குடியிருப்போர் நலச்சங்கம் இருந்தால் அதன் கடிதத்தாளில் கொடுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மாலையே வீட்டு வாசலுக்கு நான்கு பேர் வருவார்கள். பத்துப் பெயர் இருந்தால் அது தெருவின் மனு.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை வருமாறு அனுப்புங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில், முதல் மனுவின் முத்திரையிட்ட நகலை இணைத்துக் கொடுங்கள். அங்கே மனுவைக் கணினியில் ஏற்றி எண் கொடுப்பார்கள். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதியலாம். அதற்கும் ஓர் எண் வரும். எல்லா எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மனுவில் அந்த எண்களைக் குறிப்பிட்டால், பழைய மனுவைத் தேடி எடுத்துப் பதில் எழுத வேண்டிய நிலை வரும். வார்டு கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். பேனரே அவருடையதாக இருந்தாலும் கொடுங்கள்.

கிராமங்களில் கிராமசபையைப் பயன்படுத்துங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபையில் "ஊர் எல்லைக்குள் சாலை வளைவுகளிலும் பள்ளி முன்பும் பேனர் வைப்பதில்லை" என்று தீர்மானம் போட்டு நோட்டில் ஏற்றிவிட்டால், பிறகு ஊராட்சிச் செயலர் யாரிடமும் தயங்காமல் பேச முடியும்.

இப்போதே விழப்போகிறது என்றால்

மனு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லாத சமயங்கள் உண்டு. காற்றில் சாய்ந்து ரோட்டின் மேல் தொங்குகிறது, ஆம்புலன்ஸ் போகும் வழியை அடைக்கிறது, கம்பியில் தீப்பொறி பறக்கிறது. அப்போது 100 அல்லது 112. பொதுவழியில் தடையும் ஆபத்தும் உண்டாக்குவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி குற்றம். காவல்துறை நேரடியாகத் தலையிடலாம். போலீஸ் வரும்வரை பலகைக்குக் கீழே வண்டிகள் நிற்காமல் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களாகக் கழற்றவோ கிழிக்கவோ வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். இரும்புச் சட்டம் மின்கம்பியில் பட்டால் உயிர் போகும். அது ஒரு காரணம். அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்தினீர்கள் என்று வழக்கு உங்கள் பேரிலேயே திரும்பும் என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட, தலைவர் படமோ சாமி படமோ உள்ள பேனர் கிழிந்தால், யார் கிழித்தது என்ற கேள்வி இரண்டு தெருக்களுக்கு நடுவே சண்டையாக வெடிக்கும். நம் மாவட்டக் கிராமங்களில் இதன் வலி தெரிந்தவர்கள் நிறையப் பேர். பேனரைத் தொடுவது அரசு ஊழியரின் கையாக மட்டுமே இருக்கட்டும்.

தகவல் உரிமைச் சட்டம்

ஹோர்டிங் விஷயத்தில் மனுவைவிட இதுதான் கைகொடுக்கும். பொதுத் தகவல் அலுவலர், வேலூர் மாநகராட்சி என்று முகவரியிட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் கேளுங்கள். "ஏன் அகற்றவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர அவர்களுக்குக் கடமையில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த முகவரியிலுள்ள பலகையின் உரிம ஆணை நகல், அது எந்த நாள் வரை செல்லும், கட்டட உறுதித் தன்மைக்குக் கொடுத்த சான்றின் நகல், செலுத்திய கட்டண ரசீது, இந்த வார்டில் சென்ற ஓராண்டில் அகற்றிய பேனர்களின் பட்டியலும் வசூலித்த அபராதமும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். "உரிமம் ஏதும் வழங்கப்படவில்லை" என்று ஒரு வரி பதில் வந்தால் போதும். அந்தத் தாளை இணைத்துக் கொடுக்கும் அடுத்த மனுவை யாராலும் ஒதுக்க முடியாது.

அதுவும் பலிக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் இருக்கிறார். வேலூரிலும் குடியாத்தத்திலும் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. பொதுவழியில் உள்ள இடையூறை அகற்ற, நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் உத்தரவிடும் அதிகாரம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-இல் இருந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. ஒரு வெள்ளைத்தாளில், பிரிவைக் குறிப்பிட்டு, படங்களையும் முந்தைய மனு நகல்களையும் இணைத்துக் கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. தயக்கமாக இருந்தால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள்.

உயர் நீதிமன்றம் கடைசிப் படி. பேனருக்கு எதிராக அங்கே ஓயாமல் வழக்காடியவர் 2021 மே மாதம் மறைந்த டிராஃபிக் ராமசாமி. 2018 டிசம்பரில் கட்சிகள் பேனர் வைக்கத் தடைவிதித்து நீதிமன்றம் இட்ட உத்தரவு அப்படிப்பட்ட தொடர் வழக்குகளில் வந்ததுதான். உங்கள் தெரு பேனருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. ஆனால் மனுவில் "உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்கு மாறாக" என்று ஒரு வரி சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும்.

தேர்தல் நேரம்

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்த நொடியிலிருந்து நடத்தை விதிகள் வந்துவிடும். அரசு அலுவலகங்களில் இருப்பவற்றை 24 மணி நேரத்திலும், பஸ் நிலையம், பாலம், மின்கம்பம் போன்ற பொது இடங்களில் இருப்பவற்றை 48 மணி நேரத்திலும், தனியார் இடத்தில் அனுமதியின்றி இருப்பவற்றை 72 மணி நேரத்திலும் அகற்ற வேண்டும். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அங்கேயே நின்று படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது நடைமுறை. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். பல வருடமாக நகராத பழைய கட்சிப் பலகைகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்து, அறிவிப்பு வந்த அன்றே அனுப்புங்கள். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. அதையும் பாருங்கள்.

அகற்றிய பிறகு

பேனர் இறங்கியதும் வேலை முடிந்தது என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். துணியை உருவிக்கொண்டு கட்டையை விட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே கட்டையில் வேறொரு பேனர் ஏறும். கட்டையும் சட்டமும் சேர்ந்து போனதா என்று பாருங்கள். இரும்புக் குழாயைத் தரையோடு அறுத்துவிட்டு ஓரங்குல நறுக்கை விட்டிருந்தால் இருட்டில் நடப்பவர் காலைக் கிழிக்கும். மீடியனில் தோண்டிய குழியை மூடச் சொல்லுங்கள். மரங்களில் தகரம் போனாலும் ஆணியும் கட்டுக்கம்பியும் இருக்கும். கம்பி பட்டையில் புதைந்து மரத்தை நெரிக்கும். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆணி பிடுங்கலாம். நீளக் கைப்பிடி உள்ள ஆணி பிடுங்கி, தோல் கையுறை, பிடுங்கிய ஆணிகளைப் போட ஒரு தகர டப்பா, இவை வேண்டும். ஆணிகளை எண்ணி, எந்த மரத்தில் எத்தனை என்று எழுதி, அந்தப் பட்டியலை அடுத்த மனுவோடு பொறியாளரிடமே கொடுத்துவிடுங்கள்.